ஒட்டுப்போட்ட குரல்

அத்தியாயம் 5

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் மாப்பிள்ளை ஒருவன் துப்பறியும் அலுவலகத்துக்குப் படியேறி வந்தால், பெண்ணைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறான் என்று எவனும் நினைப்பான். கோகுலும் அப்படித்தான் நினைத்தான். ஆனால் வந்தவன் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னது வேறு.

"எனக்கு ஏற்கெனவே கலியாணம் ஆகேல்லை எண்டு நிரூபிக்க வேணும். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள."

"நிரூபிக்கவே வேணாம் சார். சட்டை அயர்ன் பண்ணியிருக்கு, முகத்துல இன்னும் நம்பிக்கை இருக்கு. கல்யாணம் ஆகலை" என்றான் கோகுல்.

"கோகுல், தண்ணி கொண்டாந்து வைலா. வாயை அப்புறம் திற" என்றார் சீதாதேவி.

ஆக்லாந்து நகரின் பாபடோயிட்டோயில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். விமான நிலையம் பக்கத்தில் என்பதால், தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் கட்சிக்காரர்கள் பேச்சை நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் அவர்களின் முகத்தைப் படித்துவிடுவார் சீதாதேவி. ஈப்போவில் பிறந்தவர்; அந்த ஊர்த் தமிழின் 'லா' இன்னும் வாயை விட்டுப் போகவில்லை. ஆக்லாந்துக்கு வந்து, காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பல வருடம் ஊரார் தொலைபேசிப் பேச்சைக் கேட்டுக் கேட்டே பொய்யைப் பிடித்தவர். காது பழுத்த பிறகு தனிக்கடை போட்டார். கோகுல் திருச்சிக்காரன். ஐடி கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிய வாரத்தில் தற்காலிகமாக இங்கே சேர்ந்தான். அந்தத் தற்காலிகம் இன்னும் முடிந்தபாடில்லை.

வந்தவன் பெயர் திலக்சன். நார்வேயில் ஸ்டவாங்கர் என்ற ஊரில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பொறியாளர். பெண் தர்சிகா, இதே நகரின் ஏவன்டேலில் அப்பாவோடு இருக்கும் நர்ஸ். சனிக்கிழமை இங்கே கல்யாணம். அடுத்த மாதம் இருவரும் நார்வேக்குக் குடிபோவதாகப் பேச்சு.

"இதைக் கேளுங்கோ" என்று போனை மேசையில் வைத்தான். "நேற்று மாமாவுக்கு, தர்சிகாவின்ர அப்பாவுக்கு, ஆரோ அனுப்பியிருக்கினம். தெரியாத நம்பர்."

போன் பேசியது. சந்தேகமே இல்லாமல் திலக்சனின் குரல்.

"ஹெய், கூனே. யெய் லாகெர் மாத்பக்கே. தத்தெர் சோவெர்."

அவ்வளவுதான். மூன்றே வாக்கியம்.

"என்னங்க இது, மாட்டுப் பக்கெட்?" என்றான் கோகுல்.

"மாத்பக்கே. மாத் எண்டால் சாப்பாடு, பக்கே எண்டால் பொட்டலம். இரண்டும் சேர்ந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் குடுக்கிற சாப்பாடு." திலக்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "'ஹலோ, மனுசி. நான் சாப்பாடு கட்டுறன். மகள் நித்திரை.' இதுதான் அர்த்தம். மனுசி எண்டால் எங்கட பேச்சில பெண்டாட்டி. அங்க எனக்கு ஒரு குடும்பம் இருக்கெண்டு மாமா முடிவே எடுத்திட்டார்."

"இது நீங்க பேசுனதா இல்லையா?"

"சத்தியமா இப்பிடி ஒரு நாளும் நான் கதைக்கேல்லை. மனுசியை ஆராவது 'ஹலோ மனுசி' எண்டு கூப்பிடுவினமோ? ஆனா..." தலையைக் குனிந்தான். "குரல் என்ரதான். அதைத்தான் என்னால விளங்கிக்கொள்ள ஏலாமல் இருக்கு."

"மேடம், இதுல என்ன யோசனை? ஏஐ" என்றான் கோகுல். "இப்ப ஒருத்தன் குரலைக் குடுத்தா போதும், அவனை ஆத்திச்சூடி ஒப்பிக்க வைக்கலாம்."

சீதாதேவி கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரம். பிறகு, "மெசின் செஞ்சிருந்தா ஒழுங்கா செஞ்சிருக்கும்லா. இது மனுசங்க கைவேலை" என்றார்.

அவர் அப்படிச் சொன்னால் வழக்கில் ஏதோ பிடி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கோகுல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"தம்பி, உங்க வாயால அந்தச் சொல்லைச் சொல்லுங்க."

"மாத்பக்கே."

சீதாதேவி விரல் முட்டியால் மேசையில் தட்டினார். முதல் தட்டு மேசை அதிரும்படி. அடுத்த இரண்டும் பூனை நடப்பதுபோல். "கோகுல், நீ சொல்லு."

"மாத்துப் பக்கே."

"உன் பேச்சுல எல்லாத் தட்டும் ஒரே கனம். ரேசன் கடை அரிசி மாதிரி எல்லாருக்கும் சமமா போட்டுட்ட."

திலக்சன் முதல் முறையாகச் சிரித்தான். "அம்மாவும் இப்பிடித்தான் சொல்லுவா. அந்த ஊருக்கு வந்து எவ்வளவு காலம்! இன்னும் இரண்டு சொல்லாத்தான் சொல்லுவா. நோர்வேப் பாசையில இரண்டு சொல் சேர்ந்தால் கனம் முழுக்க முதலாவதுக்குத்தான். இரண்டாவது கொஞ்சம் பணிஞ்சு போயிடும். பிரியிற இடமும் ஒண்டுதான், மாத் எண்டு மூடின பிறகு பக்கே. ஆனா அந்த இடத்தில நாங்கள் மூச்சை விட மாட்டம். ஒரே மூச்சில போயிடுவம்."

"இப்ப உங்க மாமாவுக்கு வந்ததைக் கேளுங்க." போன் மறுபடி பேசியது. சீதாதேவி கூடவே தட்டினார். மாத்: மேசை அதிர்ந்தது. பக்கே: மேசை மறுபடி அதிர்ந்தது.

மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடிவதற்குள் கோகுலுக்கே விளங்கிவிட்டது.

"ரெண்டு தனித்தனிச் சொல்! அதை வெட்டி ஒட்டியிருக்காங்க!"

"ஆமாலா. ஒட்டுனவங்க தமிழ்க் காது உள்ளவங்க. நமக்கு புத்தகமும் கடையும் சேர்ந்தா நடுவுல ஒரு 'க்' வரும், அவ்ளோதான். கடை ஒண்ணும் குரலைத் தாழ்த்திக்காது. அதனால ரெண்டு சொல்லை ஒட்டினா ஒரு சொல் ஆயிடும்னு நினைச்சிட்டாங்க." சீதாதேவி திலக்சன் பக்கம் திரும்பினார். "மாத்னு தனியா, பக்கேன்னு தனியா எங்கேயாவது பேசிப் பதிவு பண்ணியிருக்கீங்களா?"

திலக்சன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

பதிவு பண்ணியிருந்தான், நன்றாகவே பண்ணியிருந்தான். பெண் நார்வே பாஷை படிக்க வேண்டுமே என்று வாட்ஸ்அப்பில் 'நோர்வே வகுப்பு' என்று ஒரு குடும்பக் குரூப் தொடங்கியிருந்தான். தினமும் காலையில் ஒரு சொல்லைத் தன் குரலில் சொல்லி அனுப்புவான். கீழே தமிழ் அர்த்தம். வகுப்பில் மூன்று மாணவர்கள்: தர்சிகா, அவள் அப்பா செல்வரத்தினம், அப்பாவின் தங்கை அன்னம். தர்சிகாவின் அம்மா காலமான பிறகு வீட்டை நடத்துவது அன்னம் மாமிதான்.

"மூணே பேரு. அதுல ஒருத்தர் பொண்ணு, ஒருத்தர் அப்பா. மாமி எப்படி?" என்றான் கோகுல்.

"அவவுக்கு என்னில பெரிய விருப்பமில்லை" என்று இழுத்தான் திலக்சன். "தமிழ் எழுதத் தெரியாத மாப்பிள்ளை எண்டு முகத்துக்கு நேரவே சொன்னவ."

கோகுல் மனதுக்குள் வழக்கை முடித்துக் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டான். திலக்சனின் போனை வாங்கிக் குரூப்பில் மேலே தள்ளித் தேடினான். ஹெய் இருந்தது. யெய், லாகெர் இருந்தன. மாத், பக்கே, தத்தெர், சோவெர், எல்லாம் வரிசையாக அகப்பட்டன.

"ஒண்ணு மட்டும் காணோம் மேடம். கூனே."

"அது... டிலீட் பண்ணியிருப்பன்" என்றான் திலக்சன். காது மடல் சிவந்துபோனது.

டிலீட் செய்தால் அந்த இடத்தில் அடையாளம் நிற்குமே என்று சொல்ல கோகுல் வாயெடுத்தான். சீதாதேவி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். வலித்தது. பேசாமல் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"உங்க மாமா பின்னேரம் என்ன செய்வேன்னு சொல்லியிருக்காரு?"

"அம்மாவும் அப்பாவும் கலியாணத்துக்கு வந்துகொண்டிருக்கினம். இப்ப சிங்கப்பூர் ஏர்போட்டில அடுத்த பிளைட்டுக்கு இருக்கினம். மாமா அவைக்குப் போன் எடுத்துத் திரும்பிப் போகச் சொல்லப் போறார். பிறகு ஒஸ்லோவில இருக்கிற தன்ர சொந்தக்காரருக்கும் சொல்லுவார்." போனைக் கவிழ்த்து வைத்தான். "கலியாணம் நிண்டால் நான் தாங்குவன். ஆனா அம்மா அங்க தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. மகன் ஒளிச்சு ஒரு குடும்பம் வச்சிருக்கிறான் எண்டு கதை வந்தால் அவ வெளியில தலை காட்ட ஏலாது. நோர்வேயில எங்கட சனத்துக்குள்ள ஒரு கதை புறப்பட்டால், அதைத் திருப்பிக் கூப்பிடவே ஏலாது."

கோகுலுக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. கார்ச் சாவியை எடுத்தான்.

ஏவன்டேலுக்குப் போகும் வழியெல்லாம் நெரிசல். பின்சீட்டில் திலக்சன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான். கோகுல் குரலைத் தாழ்த்தினான்.

"மாமிதானே மேடம்?"

"மாமி குரூப்புல என்னா அனுப்பியிருக்காங்கன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். காலை வணக்கம், ரோஜாப்பூ. காலை வணக்கம், தாமரைப்பூ."

"பூப்படம் அனுப்புற ஆளு குரலை வெட்டி ஒட்டுவாங்களா?"

"அது ஒரு நடிப்பா இருக்கலாம்."

"நேரா ரோட்டைப் பார்த்து ஓட்டுலா" என்றார் சீதாதேவி. வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டால் வழக்கமாக அவர் பையில் இருந்து முறுக்கு எடுப்பார். இன்று எடுக்கவில்லை. யாருக்காகவோ வருத்தப்படுகிறவர்போல மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கோகுலுக்குப் பிடிபடவில்லை.

செல்வரத்தினத்தின் வீட்டில் பலகாரம் சுட்ட வாசனை வாசல் வரை நின்றது. கூடத்தில் பயித்தம் பணியாரம் தட்டுத் தட்டாக அடுக்கி, ஒருவரும் தொடாமல் கிடந்தது. செல்வரத்தினம் போனைக் கையில் பிடித்தபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார். திலக்சனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்னம் மாமி சமையலறை வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், நிலையில் சாய்ந்தபடி தர்சிகா. வேலைக்குப் போய்வந்த நீல உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"எனக்கு ஒருத்தரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை" என்றார் செல்வரத்தினம். "அவரின்ர குரலை என்ர காதாலயே கேட்டனான்."

"அந்தக் காதுதான் எனக்கு வேணும் ஐயா" என்று எதிரே உட்கார்ந்தார் சீதாதேவி. "வகுப்புல நீங்கதான் நல்ல மாணவர்னு தம்பி சொன்னாரு."

கோபத்துக்கு நடுவிலும் அவர் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "ஒரு நாளும் விட்டதில்லை. காலமை நடக்கப் போகேக்க கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பாக்கிறனான்."

"ஹூஸ்னா?"

"வீடு."

"சீக்கெஹூஸ்னா?"

"ஆசுப்பத்திரி. நோயாளர் வீடு எண்டு பிரிச்சும் சொல்லித் தந்தவர்."

"ரெண்டையும் கேளுங்க." குரூப்பில் இருந்த இரண்டு பதிவுகளையும் ஒலிக்கவிட்டார். முதலில் தனி வீடு: ஹூஸ். சீதாதேவி பணியாரத் தட்டில் கரண்டியால் பலமாகத் தட்டினார். பிறகு ஆசுப்பத்திரி: சீக்கெஹூஸ். 'சீ' என்பதில் பலத்த தட்டு. ஹூஸ் வந்தபோது கரண்டி தட்டைத் தொட்டதோடு சரி.

"அதே வீடுதானே ஐயா? ஆசுபத்திரிக்குள்ள போனதும் ஏன் இப்டி சின்னதாயிடுச்சு?"

செல்வரத்தினம் போனை வாங்கித் தாமே இன்னொரு தரம் கேட்டார். விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. நல்ல மாணவர் என்பது பொய்யில்லை. "சேர்ந்து வரேக்க பின்னால வாறவர் பணிஞ்சு போறார்" என்றார் மெதுவாக.

"சரி. இப்ப உங்களுக்கு வந்ததைக் கேளுங்க. மாத்பக்கே."

டங். டங்.

"இங்க ஒருத்தரும் பணியேல்லை" என்றார் செல்வரத்தினம்.

"எங்க அம்மாவும் அண்ணியும் ஒரே அடுப்படியில நிக்கிற மாதிரி" என்றான் கோகுல். யாரும் சிரிக்கவில்லை. இருந்தாலும் எல்லாருக்கும் விஷயம் விளங்கியது.

"ஒரே மூச்சுல பேசுன பேச்சு இல்ல ஐயா இது. வகுப்புக்குத் தனித்தனியா அனுப்புன சொல்லுங்கள வெட்டி எடுத்து ஒட்டியிருக்காங்க. தம்பிக்கு அங்க பொண்டாட்டியும் இல்ல, பிள்ளையும் இல்ல."

செல்வரத்தினம் திலக்சனைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். அந்தச் சங்கடம் அப்பட்டமாக முகத்தில் தெரிந்தது. அது அப்படியே கோபமாக மாறித் தங்கை பக்கம் திரும்பியது.

"அன்னம்! இது உன்ர வேலைதானே? முதல் நாளில இருந்தே உனக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கேல்லை!"

"ஐயோ அண்ணை, நானோ? எனக்கு அந்தப் போனில பூப் போடவே பிள்ளைதானே காட்டித் தந்தவள்!" மாமியின் கண் கலங்கிவிட்டது. "நான் சொன்னது அவருக்குத் தமிழ் எழுத வராதெண்டுதான். அதுக்காக ஒரு பொடியன்ர பேரைக் கெடுப்பனோ? இவ்வளவு பணியாரமும் ஆருக்குச் சுட்டனான்?"

"நடிக்காதை! இண்டையோட இந்த வீட்டில..."

"ஐயா" என்றார் சீதாதேவி. சத்தம் போடவில்லை. ஆனாலும் செல்வரத்தினம் நின்றுவிட்டார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இந்த மெசேஜ் வந்தப்ப, அர்த்தம் தெரியாம போன்ல தேடுனீங்களா?"

"தேவைப்படேல்லை. எல்லாம் படிச்ச சொல்தானே. சாப்பாடு, பொட்டலம், மகள், நித்திரை... அந்தக் கூனே எண்டதை மட்டும்தான் தேடினனான். மனுசி எண்டு வந்துது."

"அது வகுப்புல வரலியா?"

"சீச்சீ!" செல்வரத்தினத்துக்கு மருமகனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்ததில் ஆறுதல்தான். "மாமனும் மாமியும் இருக்கிற குரூப்பில ஒரு பொடியன் மனுசி எண்ட சொல்லைத் தன்ர குரலில சொல்லிப் போடுவானோ? அவர் அப்பிடிப்பட்ட ஆளில்லை. அதெல்லாம் பிள்ளைக்குத் தனிய..."

அங்கேயே நின்றுவிட்டார். சொன்ன வாக்கியத்தை முடிக்க முடியாமல், மெல்ல, மகள் நிற்கும் பக்கம் திரும்பினார்.

கோகுலுக்குக் காரில் பிடிபடாதது இப்போது பிடிபட்டது. மாமியைக் குற்றவாளி என்று எண்ணிச் சாவி எடுத்துக்கொண்டு ஓடிவந்ததற்காக உள்ளுக்குள் வெட்கப்பட்டான்.

"மாமியைப் பேசாதேங்கோ அப்பா" என்றாள் தர்சிகா. "நான்தான்."

அன்னம் மாமியை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"என்ர நர்ஸிங் பதிவுக்கு எவ்வளவு கஸ்டப்பட்டனான் எண்டு உங்களுக்குத் தெரியும். இப்பதான் வார்டில என்னை நம்பி ஒரு பொறுப்புத் தந்திருக்கினம். அங்க போனால் முதல் எழுத்தில இருந்து தொடங்க வேணும். எனக்குப் போக விருப்பமில்லை எண்டு உங்களிட்டச் சொன்னனான் அப்பா. எல்லாம் பழகிடும் எண்டு சொன்னீங்கள். பிறகும் சொன்னனான். கலியாண ஹோல் புக் பண்ணியாச்சு எண்டு சொன்னீங்கள்."

"அதுக்காக இப்பிடியோ பிள்ளை?"

"பெண் வேண்டாமெண்டு சொன்னால் என்ன கேப்பினம் எண்டு தெரியும். வேற ஆரும் இருக்கோ எண்டு கேப்பினம். பிழை அவரில இருந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். அவர் எங்கயோ தூரத்தில இருக்கிறவர், இங்க ஆருக்கும் அவரைத் தெரியாது, ஒரு கிழமையில எல்லாரும் மறந்திடுவினம் எண்டு நினைச்சிட்டன்." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "காலமையில பிள்ளையளுக்கு மாத்பக்கே கட்டுறது அங்க அப்பாமாரின்ர வேலை எண்டு ஒருக்கா எனக்கு எழுதியிருந்தவர். வாசிச்சனான். அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு காதால கேட்டதில்லை."

சீதாதேவி திலக்சனைப் பார்த்தார். "கூனேன்னு கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும். இல்லையா தம்பி?"

அவன் தலையாட்டினான். "ஓம். அந்தச் சொல்லை நான் ஒரு ஆளுக்கு மட்டும்தான் அனுப்பினனான்."

"அதைச் சொல்லியிருந்தா எங்ககிட்ட வந்திருக்கவே தேவையில்லையே சார்" என்றான் கோகுல். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

"என்ர பேரைக் காப்பாத்தத்தான் உங்களிட்ட வந்தனான். அவவைக் காட்டிக் குடுக்க இல்லை. வெட்டி ஒட்டினது எண்டு மட்டும் நிரூபிச்சால் போதும், ஆரெண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம் எண்டு நினைச்சன்." தர்சிகா பக்கம் திரும்பினான். "எனக்கு விளங்காதது ஒண்டுதான். ஒவ்வொரு நாளும் கதைச்சனாங்கள். விருப்பமில்லை எண்டு என்னட்ட ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை" என்றாள் தர்சிகா. "நோர்வேக்கு வாறீங்களோ எண்டு நீங்கள் ஒரு நாளும் என்னைக் கேக்கேல்லை. முதல் நாளே பாடம் தொடங்கிட்டீங்கள்."

திலக்சன் ஓரடி பின்வாங்கினான். அவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்கக் கோகுலுக்குப் பாவமாக இருந்தது. அவளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. ஒரே வழக்கில் இரண்டு பக்கத்துக்கும் பாவப்பட்டது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

செல்வரத்தினத்தின் கையில் இருந்த போன் மணியடித்தது. திரையில் மரகதம் என்ற பெயர். சிங்கப்பூரில் இருந்து திலக்சனின் அம்மா. செல்வரத்தினம் அதைப் பாம்பைப் பிடித்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வது? நேற்றே கதையின் பாதியை அவர் அந்தம்மாவின் காதில் போட்டிருந்தார்.

"தாங்கோ அப்பா" என்று வாங்கினாள் தர்சிகா. எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். "மாமி, நான் தர்சிகா கதைக்கிறன்."

"சொல்லு பிள்ளை. உன்ர அப்பா நேற்று ஏதோ அரைகுறையாச் சொன்னவர், ராத்திரி முழுக்க எனக்கு நித்திரை இல்லை. என்ர பொடியன் என்ன செய்தவன்?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை மாமி. அவரில ஒரு பிழையும் இல்லை. அப்பாவுக்கு வந்தது பொய். அந்தப் பொய்யைச் செய்ததும் நான்தான்." மூச்சு வாங்கினாள். "கலியாணம் வேண்டாமெண்டு நான்தான் சொல்லுறன். எனக்கு இந்த ஊரை விட்டு வர விருப்பமில்லை. நேர சொல்லத் துணிவில்லாமல் அவரின்ர பேரைக் கெடுத்திட்டன். ஆர் கேட்டாலும், நான் சொன்னனான் எண்டே சொல்லுங்கோ மாமி. ஒஸ்லோவுக்கும் நானே எடுத்துச் சொல்லுறன்."

போனில் விமான நிலைய அறிவிப்பு ஒன்று ஓடி முடிந்தது. செல்வரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். அன்னம் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவன் பக்கத்தில நிக்கிறானோ?"

"ஓம் மாமி."

"அழுறானோ?"

தர்சிகா திரும்பிப் பார்த்தாள். "ஓம் மாமி."

"அழட்டும். நீ செய்தது சின்னப் பிழை இல்லை பிள்ளை. அதுக்கு நான் நேரில வந்து பேசத்தான் போறன், காதைத் தீட்டி வை." குரல் கொஞ்சம் நின்றது. மறுபடி வந்தபோது அதில் காரம் இல்லை. "ஆனா விருப்பமில்லை எண்டு சொன்னியே, அதுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். என்னைக் கட்டி அந்தப் பனிக்குள்ள அனுப்பேக்க ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பன்."

திலக்சன் சட்டென்று தலையை நிமிர்த்தினான். கன்னம் நனைந்திருந்தது. அம்மா அந்த ஊரை நேசிக்கிறார் என்றுதான் பிறந்த நாள் முதல் நம்பியிருந்தவன் அவன்.

"அம்மா... இதை நீங்கள் ஒரு நாளும் எனக்குச் சொல்லேல்லையே."

"நீயும் ஒரு நாளும் கேக்கேல்லையேடா" என்றது போன். "சரி, பிளைட்டுக்கு எங்களைக் கூப்பிடுறாங்கள். இவ்வளவு தூரம் வந்திட்டு ஊர் பாக்காமல் திரும்பிறேல்லை. நாளைக்கு ஏர்போட்டுக்கு வா."